இறுகிப்போன வெப்ளியும் அசையாத திருகாணிகளும்

ஐயா (தாத்தா) இரங்கூனிலிருந்து கொண்டுவந்த .38 வெப்ளி ரிவால்வர், அப்பச்சிக்கு (அப்பாவுக்கு)ப் பின் உரிமம் என் பெயருக்கு மாறியதும் எங்கள் கானாடுகாத்தான் வீட்டில் என் பொறுப்புக்கு வந்தது. தோட்டாவை அடிக்கும் குதிரை பாதியில் நின்றது, அழுத்திய விசை திரும்பவில்லை, சிலிண்டரும் சுற்றவில்லை. முதலில் தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் தள்ளிக் குழலை மடக்கி, ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டேன். பட்டறையில் கொடுத்துவிடலாம் என்றால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

பார்த்தவர்கள் துரு என்றார்கள். புளியும் எலுமிச்சையும் வினிகரும் யோசனையாக வந்தன. அமிலம் பட்டால் இரும்பின் மேலுள்ள நீலங்கலந்த கருமெருகு போய்விடும், போனால் வராது. அதோடு, உள்ளே இருந்தது பெரும்பாலும் துருவே அல்ல. வீட்டுக் கதவுக் கீல்களுக்கு இடும் நல்லெண்ணெயையே இதற்கும் இட்டிருக்கிறார்கள். அது காற்றுப் பட்டுப் பட்டு இறுகிப் பிசினாகும் இனம். நகத்தால் சுரண்டியபோது தேன் நிறத்தில் சுருண்டு வந்தது. வல்கனைட் என்ற கெட்டி ரப்பராலான கறுப்புக் கைப்பிடித் தகடுகளைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, மீதியை மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பழைய பல் துலக்கியாலும் மூங்கில் சிம்பாலும் தேய்க்க, மண்ணெண்ணெய் டிக்காஷன் போலக் கறுத்தது. இரும்புக் கம்பித் தூரிகை பக்கத்திலேயே வரக் கூடாது.

விசைக்காப்பு வளையத்தின் திருகாணிகள் மட்டும் அசையவில்லை. கடையில் வாங்கும் திருப்புளியின் முனை ஆப்புபோல் சரிந்திருப்பதால், திருகாணித் தலையில் வெட்டியிருக்கும் காடியின் மேல் விளிம்பை மட்டும் பிடித்து, அழுத்தினால் வழுக்கி வெளியேறி விளிம்பைப் பிய்த்துவிடும். காடியின் அகலத்தை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்துகொண்டு, திருப்புளியை மட்டும் காரைக்குடியில் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

"என்னண்ணே, புதுத் திருப்புளியப் போய்த் தேய்க்கச் சொல்றீங்க?" என்றார் பட்டறைக்காரர். இருபக்கமும் சரிவில்லாமல், காடியின் அடிவரை இறுக்கமாக இறங்க வேண்டும் என்றதும் புரிந்துகொண்டு, முனை சூடேறி நீலம் பாய்ந்துவிடாமல் அடிக்கடி தண்ணீரில் நனைத்தே சாணை பிடித்துத் தந்தார்.

மண்ணெண்ணெயை ஒட்டத் துடைத்துக் காயவிட்ட பிறகே, சால்டரிங் அயர்ன் முனையைத் திருகாணித் தலையில் வைத்துச் சூடேற்றினேன்; ஈரத்தோடு சூடு வைப்பது தீயை அழைப்பது. ஆறியதும் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரு ராத்திரி ஓய்வு. மறுநாள் திருப்புளியை நேராக நிறுத்தி, அதன் தலையில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம்; அதற்குமேல் விரலாலேயே கழன்று வந்தது. என்னைக் கேட்டால், எண்ணெயும் சூடும் கால்பங்கு, சரியான முனை முக்கால்பங்கு.

உள்ளே அழுக்கைத் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய படலமாக மட்டும் தடவினேன். குதிரையும் சிலிண்டரும் இப்போது தடையின்றி இயங்குகின்றன. பழைய தோலுறை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அதைத் தனியே வைத்துவிட்டேன். குழல் மடங்கும் கீலின் திருகாணி இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. கீல் நன்றாக மடங்குவதால் அதைத் தொடவில்லை.