மாமனார் வீட்டுப் பெயரைத் தேடிப் போன கதை

ஜெர்மனியின் டோர்ட்முண்டில் என் மாமனார் வீட்டு வரவேற்பறையில் சிங்கம் போட்ட கேடயப் படம் ஒன்று தொங்குகிறது. அடியில் 'கிரெச்மர்' என்று கொட்டை எழுத்தில். ஏதோ சந்தையில் காசு கொடுத்து வாங்கியது. "நம் முன்னோர் குதிரை வீரர்கள்" என்பார். எனக்குக் குடும்பப்பெயர் என்பதே புதுசு. என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பது அப்பாவின் பெயர். மகள் பிறந்து அவளும் கிரெச்மர் ஆனபிறகு, சரி, தேடித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

முதல் தப்பு என்னுடையது. இந்தக் குடும்பப்பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று இன்றைய தொலைபேசிப் பதிவுகளை வைத்துப் போட்ட வரைபடத்தில், டோர்ட்முண்ட் இருக்கும் ரூர் பகுதியிலும் புள்ளிகள் இருந்தன. அதை நம்பி அக்கம்பக்கத்து ஊர்களிலேயே இரண்டு மாதம் துழாவினேன், ஒன்றும் இல்லை. 1945-க்குப் பிறகு, அதுவரை ஜெர்மனியின் கிழக்குப் பகுதியாக இருந்த சைலீசியா போலந்துக்குப் போனதும், அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டு நாடு முழுக்கச் சிதறினார்கள். அந்த வரைபடம் காட்டுவது பலரும் வந்து சேர்ந்த இடத்தை, கிளம்பிய இடத்தை அல்ல.

கைகொடுத்தது முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்கள். இறந்தவர், காயம்பட்டவர் பெயரோடு சொந்த ஊரும் இருக்கும். தன்னார்வலர்கள் உழைத்து இணையத்தில் தேடும்படி செய்திருக்கிறார்கள். கிரெச்மர் என்று போட்டதும் சைலீசியா, அதை ஒட்டிய லுசாட்டியா, கிழக்கு ஜெர்மனியின் சாக்சனி மாநில ஊர்களாகவே கொட்டின. நடுவில் கணவரின் கொள்ளுத்தாத்தா: லேசான காயம், ஊர் ஹிர்ஷ்பெர்க் வட்டாரம்.

ஹிர்ஷ்பெர்க் இப்போது போலந்தின் யெலெனியா கூரா. அந்த ஊர் அப்போது இருந்த பிரஷ்ய அரசில் 1874 அக்டோபர் 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசுப் பதிவுதான். எங்களுக்கு வேண்டிய பிறப்புப் பதிவேட்டைப் போலந்து அரசு ஆவணக்காப்பகத்தின் தளத்திலேயே இலவசமாகப் பார்க்க முடிந்தது. படிப்பதுதான் பாடு. 'குர்ரெண்ட்' என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'e' எழுத்து அச்சு அசல் 'n' போலவே இருக்கும். எங்கள் பெயரையே இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன்! பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர்தான் வாசித்துச் சொன்னார். தந்தையின் தொழில்: நெசவு.

குதிரை வீரர் போச்சு. பெயரின் பொருள் நெசவும் இல்லை. மதுக்கடையைச் செக் மொழியில் 'கர்ச்மா' என்பார்கள். அந்த ஸ்லாவியச் சொல்லை அக்கம்பக்கத்து ஜெர்மானியர்கள் எடுத்துக்கொள்ள, ஊர் விடுதி 'கிரெச்சம்' ஆயிற்று, அதை நடத்துபவர் கிரெச்மர். இதே தொழில் வடக்கே 'க்ரூகர்' ஆகவும் தெற்கே 'விர்ட்' ஆகவும் பெயராகியிருக்கிறது. 2017 முதல் சாக்சனி முதல்வராக இருக்கும் மிக்கேல் கிரெச்மர் பிறந்ததும் இந்த வட்டாரத்து கெர்லிட்ஸில்தான். குடும்பப்பெயர்கள் நிலைத்துப் பல நூற்றாண்டு ஆனதால், விடுதிக்காரர் பெயரோடு ஒருவர் தறி நெய்ததில் வியப்பில்லை. அப்புறம் அந்தக் கேடயம்: ஜெர்மனியில் சின்னம் குறிப்பிட்ட ஒரு வம்சத்துக்கு உரியது, ஒரே பெயர் உள்ள எல்லோருக்கும் அல்ல.

கோடையில் மாமனாரை மேல் லுசாட்டியாவுக்கு அழைத்துப் போனேன். அங்கே ஊர் விடுதிகள் சில இன்னும் 'கிரெச்சம்' என்றே பலகை மாட்டியிருக்கின்றன. சில ஊர்களில் அந்தக் காலத்தில் ஊர் நீதிமன்றம் கூடியதும் அங்கேதானாம். மனிதர் பலகையடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார், ஒரு பீரும் குடித்தார். கேடயத்தை மட்டும் இன்னும் கழற்றவில்லை.