துரை வீட்டில் இருபது நாள்

நேற்று மத்தியானம்தான் பிறையிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தோம். உடம்பெல்லாம் பூனை முடி. இவர் சட்டையை ஓங்கி ஓர் உதறு உதறினால் இன்னொரு பூனை செய்துவிடலாம்.

மே கடைசியில் பெரியக்கா போன் போட்டாள். "அடியே, மூணு வாரம் என் வீட்ல வந்து இருங்களேன். கடல் காத்து. சும்மா இருந்தாப் போதும்." பெரியக்கா 'சும்மா' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? போன தடவை 'சும்மா வா' என்று கூப்பிட்டு முந்நூறு முறுக்கு சுட வைத்தவள். ஆனாலும் பினாங்குத் தீவில் தஞ்சோங் பூங்கா, கடல் பார்த்த வீடு, வாடகை கிடையாது. இவர் அதே கடலைப் பார்க்க அந்தப் பக்கத்து ஹோட்டல்களில் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்று தேடி, இருபதால் பெருக்கி, 'நமக்கு லாபம்' என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதியே வைத்துவிட்டார்.

மகள் பிரசவத்துக்கு மெல்பர்ன் போகிறவள், தன் பூனை துரையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் விசாரித்தே வைத்திருந்தாள். சில்லு பதிக்க வேண்டும், வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும், ஊசி பிடித்ததா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இத்தனையும் முடித்து அங்கே போய் இறங்கினால் குறைந்தது 10 நாள் தனியாக அடைத்து வைப்பார்களாம். "என் புள்ள ஜெயில்ல இருக்கணுமா?" என்றாள். சொந்த மகள் பிரசவத்துக்குக்கூட அவள் குரல் அப்படி உடைந்ததில்லை.

பாலத்தில் நெரிசல் என்று சொல்லி ஃபெர்ரியில் போனோம். உண்மையில் இவருக்கு ஃபெர்ரி பைத்தியம். கார் ஏற்றுகிற பழைய ஃபெர்ரி 2021-லேயே ஓய்வெடுத்துவிட்டது. இப்போது ஆளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். ஆகவே அரிசி மூட்டை, குக்கர், மிளகாய்த்தூள் டப்பா எல்லாம் எங்கள் தலையில். படகுத்துறையில் இறங்கி 101 பஸ் பிடித்தோம். பக்கத்தில் இருந்த சீன அம்மா, வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடுகிறோம் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்.

குளிர்சாதனப் பெட்டியில் நாலு பக்கக் கடிதம் ஒட்டியிருந்தது. கெம்போங் மீன் அவித்து, முள் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் கொடுக்க வேண்டும். தண்ணீர் கிண்ணத்தில் அல்ல, கண்ணாடி டம்ளரில். இடி இடித்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். என்ன பேசுவது என்று எழுதவில்லை. செம்பருத்திக்கு இரண்டு வேளை தண்ணீர். எங்களுக்கு என்ன சாப்பாடு என்பது நாலாம் பக்கத்தின் ஓரத்தில்: 'அரிசி நீங்களே கொண்டு வாங்க.'

துரை கட்டிலுக்கு அடியில் போனவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மீன் வைத்தால் வைத்தபடி இருந்தது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய் அடைத்து உயிருக்கே ஆபத்தாகுமாம், குண்டுப் பூனைக்கு இன்னும் மோசமாம். துரை எட்டு கிலோ. இரண்டாம் நாள் ராத்திரி முழுக்கத் தரையில் படுத்து டார்ச் அடித்துக் கெஞ்சினேன். இருட்டில் இரண்டு பச்சைக் கண், அவ்வளவுதான். இவர் தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். வேலுக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. மயில் கோபித்துக்கொள்ளாதா என்று மட்டும் கேட்டேன்.

விடிகாலையில் பசி தாங்காமல் எனக்கு நெத்திலி வறுத்தேன். வாசனை போய்ச் சேர்ந்த அரை நிமிடத்தில் ஐயா அடுப்படியில் நின்றார். நெத்திலி உப்பு, அதனால் வாசனையை மட்டும் காட்டிவிட்டுக் கெம்போங்கைத் தள்ளினேன். தட்டைத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அன்றிலிருந்து ரப்பர் தோட்ட நிர்வாகம் ஆரம்பம். அஞ்சரைக்குப் பெரட்டு. நெஞ்சில் ஏறி உட்கார்ந்து ஆள் கணக்கெடுப்பார். நாலு காலிலும் முழங்கால் வரைக்கும் வெள்ளை, அந்தக் காலத்துத் துரைமார் அரைக்கால் சட்டைக்குக் கீழே போடுவார்களே, அந்தக் காலுறை மாதிரியே. அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் அப்பா பீடோங் பக்கத்தில் பால்மரம் சீவி, துரை மோட்டார் சத்தம் கேட்டாலே தொப்பியைக் கழற்றினவர். பிள்ளைகளாவது துரைக்குச் சலாம் போடாமல் பிழைக்கட்டும் என்றுதான் படிக்க வைத்தார். நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன், இவர் கிராணி மாதிரி எத்தனை மணிக்கு எத்தனை மீன் என்று நோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

கடல் சுகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இறங்கிக் குளிக்கலாம் என்றால், ஜெல்லி மீன் கொட்டும் என்று காவல்கார ஜாகா மிரட்டினார். அப்பளம் பொரித்தால் சாம்பார் ஊற்றுவதற்குள் நமத்துப்போகிறது. சன்னல் கண்ணாடியில் விரல் வைத்தால் உப்பு.

பிறகு லோத்தோங் குரங்குக் குடும்பம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கண்ணாடி போட்ட தலைமையாசிரியர் மாதிரி பலகணிக் கம்பியில் உட்கார்ந்து என்னை முறைத்தபடியே செம்பருத்தியைக் கிள்ளிக் கிள்ளித் தின்றது ஒன்று. மடியில் கேசரி நிறத்தில் ஒரு குட்டி. துரை கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பல்லை நறநறத்ததோடு சரி. தெலுக் பஹாங்கில் இவர்கள் சாலையைக் கடக்க 2019-இல் தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு தொங்கு பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தாமான் குடியிருப்பு வாசலில் பள்ளிப் பிள்ளைகள் கடக்க ஒரு கோடு போடச் சொல்லி எத்தனை மனு! குரங்காகப் பிறந்திருந்தால் கிடைத்திருக்கும்.

பெரியக்கா நேற்று வீட்டுக்குள் வந்ததும் பெட்டியைக்கூட வைக்கவில்லை. துரையைத் தூக்கித் தராசில் நிறுத்தினாள். "இருநூறு கிராம் குறைஞ்சிருக்கான்." செம்பருத்திச் செடி எங்கே என்றாள். எனக்கு ஒரு கோலா பொம்மைச் சாவிவளையம் கொடுத்தாள். இவருக்கு அதுவும் இல்லை.

நன்றாகத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் புலன (வாட்ஸ்அப்) அழைப்பு ஞாபகம் வந்துவிட்டது.

தினமும் ஏழரைக்குக் கூப்பிடுவாள். அங்கே ஒன்பதரை. "புள்ளயக் காட்டு." துரை திரும்பி உட்கார்ந்து பின்புறத்தைக் காட்டும். ஒரு வாரம் கழித்து, "சரி, அப்படியே வெளிய திருப்பு" என்றாள். சூரியன் இறங்குகிற நேரம். கை வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தால், அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வலது பக்கம்... இன்னும் கொஞ்சம்... அதோ, மலை தெரியுதா?"

அக்கரையில் குனோங் ஜெராய். நீலமாக, சட்டியைக் கவிழ்த்த மாதிரி. எங்கள் தோட்டம் அதன் அடிவாரத்தில்தான் இருந்தது. இப்போது வீடுகள் வந்துவிட்டன. மாமா இந்த வீட்டைக் கடலுக்காக வாங்கினார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒரு வாரமாக அங்கேயே துணி காயப்போட்டும் நான் அதைப் பார்க்கவில்லை.

அப்புறம் தினமும் அதே கதைதான். முதலில் துரையின் பின்புறம், பிறகு மலை. கை வலிக்கிறது என்று இவர் மிளகாய்த்தூள் டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துக் கொடுத்தார்.

கடைசி இரண்டு நாள் மழை மூட்டம். கடலுக்கு அப்பால் வெறும் சாம்பல்.

"ஒண்ணுமே தெரியலையேடி."

"கேமராவுல விழலக்கா. கண்ணுக்குத் தெரியுது."

"உச்சியில மேகம் இருக்கா?"

"இருக்கு. கொஞ்சமா."