தலைமையாசிரியரின் நீல மை

தேர்தல் பயிற்சி வகுப்புக்கான ஆணை வந்துவிட்டது. பையில் தண்ணீர்ப் புட்டி, இரத்த அழுத்த மாத்திரை, வாக்காளர் அட்டை நகல் எல்லாம் எடுத்து வைத்தேன். கடைசியாக ஒரு பசைப் புட்டி. "பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பசை எதற்கு?" என்று கேட்டார் என் கணவர். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். தபால் வாக்கு போட்டதில்லை.

ஊரில் உள்ள எல்லாருடைய விரலிலும் மை வைக்கிற எங்களுக்கு, அன்றைக்குச் சொந்த வாக்குச்சாவடிக்குப் போக வழியில்லை. தபால் வாக்கு கேட்டுப் படிவம் 12 எழுதிக் கொடுத்தால் வாக்குச்சீட்டும், 13ஏ என்கிற உறுதிமொழித் தாளும், சிறியதும் பெரியதுமாக இரண்டு உறைகளும் தருவார்கள். சீட்டு மட்டும் சிறிய உறைக்குள் போக வேண்டும். அதை ஒட்டி மேலே சீட்டின் வரிசை எண்ணை எழுத வேண்டும். உறுதிமொழியில் அதே எண், நம் கையெழுத்து, அதிகாரி ஒருவரின் சான்றொப்பம். பிறகு இரண்டையும் பெரிய உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். எண்ணும் நாளில் முதலில் பார்ப்பது உறுதிமொழியைத்தான். அதில் குறை இருந்தால் சிறிய உறையைத் திறக்கவே மாட்டார்கள். வாக்கு யாருக்கு என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமலே அது கட்டோடு கட்டாகப் போய்விடும்.

2021இல் பயிற்சி நடந்த இடத்தில் எனக்கு முன்னால் நின்ற இளம் ஆசிரியை, உறுதிமொழியையும் வாக்குச்சீட்டையும் சேர்த்துச் சிறிய உறைக்குள் மடித்து வைத்து, அழகாக ஒட்டிவிட்டு, "முடிந்தது டீச்சர்" என்றாள். எனக்குப் பகீரென்றது. நல்லவேளை, பசை காயவில்லை. மடிப்பு ஊக்கின் முனையால் மெல்ல நெம்பி உறுதிமொழியை வெளியே எடுத்தோம். மறுபடி ஒட்ட அங்கே இருந்த பசை டப்பாவில் கட்டெறும்பு மிதந்தது. என் பையில் பசை ஏறியது அன்றிலிருந்துதான்.

ஆனால் என் தபால் வாக்கு எண்ணப்படுமா என்கிற சந்தேகத்துக்கு வயது அதைவிட அதிகம். 2016 தேர்தலில் எங்கள் மாவட்டத்து ராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றதாக அறிவித்தார்கள். 203 தபால் வாக்குகள் எண்ணப்படாமல் தள்ளப்பட்டிருந்தன. சான்றொப்பம் இட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்கள் கெசட்டட் அதிகாரிகள், அதாவது அரசிதழில் பதவி அறிவிக்கப்பட்ட அதிகாரிகள், அல்ல என்பது காரணம். வழக்கு போனது. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாக்குகளையும், இயந்திர வாக்குகளில் 19, 20, 21ஆவது சுற்றுகளையும் எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அப்படியே இருக்க, 2021இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது.

என் தொகுதி ராதாபுரம் அல்ல. ஆனால் 2016இல் என் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவரும் எங்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்தான். கெசட்டட் அதிகாரிகள் போடுகிற பச்சை மை கிடையாது, நீல மை. பள்ளி முத்திரையைக்கூட இரண்டு முறை குத்தினார், முதல் முறை தெளிவாக விழவில்லை என்று. அந்த வாக்கு எண்ணப்பட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செல்லாது என்று தள்ளினால், போட்டவருக்கு ஒரு வரி எழுதிப் போடுகிற வழக்கம் இல்லை.

என் மைத்துனர் ஒவ்வொரு தேர்தலிலும் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளியை அனுப்பி, "தபால் வாக்கெல்லாம் மோசடி அண்ணி" என்பார். மோசடியைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. வேட்பாளர்களின் முகவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். தள்ளப்பட்ட தபால் வாக்குகளைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், அவற்றை மறுபடி சரிபார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தலும் இருக்கிறது. என் பயமெல்லாம் மறந்துபோன ஓர் எண், தப்பான உறை, இவர் கையெழுத்து செல்லுமா என்று யாருமே முன்கூட்டிச் சொல்லாதது, இவற்றைப் பற்றித்தான். 2023இல் விதியைத் திருத்தி, தேர்தல் பணியில் இருப்பவர்கள் இதற்கென்று அமைக்கிற வசதி மையத்திலேயே வாக்கைப் போட்டுவிட வேண்டும் என்று ஆக்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்து மறந்தவர்கள் எங்கள் பள்ளியிலேயே இருந்தார்கள்.

2024 மக்களவைத் தேர்தலில் எனக்குச் சொந்தத் தொகுதிக்குள்ளேயே பணி. பணிச் சான்றைக் காட்டி, நான் வேலை பார்த்த சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களித்தேன். யாருக்குப் போட்டேன் என்று காட்டுகிற சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து, விழுந்தது. அந்த ஏழு விநாடியும் கண் இமைக்காமல் பார்த்தேன்.

தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். ராதாபுரம் தீர்ப்பு வந்த வாரம் அவரைச் சந்தையில் பார்த்தேன். "சார், அன்றைக்கு நீங்கள் போட்ட கையெழுத்து செல்லுமா?" என்று கேட்டேன். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "மாற்றுச் சான்றிதழ் எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன், ஒருவனும் திரும்பி வரவில்லையே அம்மா" என்றார். கொஞ்சம் கழித்து, தராசுத் தட்டைப் பார்த்தபடி, "உன்னுடையது மட்டுமா? அன்றைக்குப் பதினோரு பேருக்குப் போட்டேன்" என்றார்.