எத்தனை அடிக்குத் தண்ணி வருது?

உகாண்டாவில் ஊருக்கு ஊர் நிற்கும் அடிபம்பைப் பார்த்தால் கொங்கு நாட்டுக்காரருக்கு ஒரு நிமிஷம் இருக்கும் இடமே மறந்துவிடும். அதே மூன்று கால் பீடம், அதே தண்ணித்தொட்டி, அதே நீளக் கைப்பிடி. அங்கே அதன் பெயர் யூ2. நம் இந்தியா மார்க் 2 பம்பை உகாண்டா தன் நாட்டுக்குரிய பம்பாக ஏற்றுக்கொண்டு வைத்த பெயர் அது. மார்க் 3 அங்கே யூ3.

இந்தப் பம்பின் பிறப்பிலேயே ஊழியம் இருக்கிறது. வார்ப்பிரும்புப் பம்புகள் அடிக்கடி உடைந்து ஊர் ஊராகத் தண்ணி நின்றுபோவதைப் பார்த்து, மகாராஷ்டிராவில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன் சார்ந்த பணியாளர்கள் உறுதியான பம்புகளைச் செய்தார்கள். சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து 1970களில் யுனிசெஃப் துணையோடு மார்க் 2 உருவானது. அதன் முதல் மாதிரிகளைக் கோவைப் பக்கத்துப் போர்வெல்களில் இறக்கித்தான் சோதித்தார்கள். 1980களில் மார்க் 3க்கான களச் சோதனையும் கோவையிலேயே நடந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போய்ப் போர் போடுவது தனிக்கதை. ஆகவே கொங்குச் சபைகளிலிருந்து மூன்று வாரமோ மூன்று மாதமோ குறுகிய கால ஊழியத்துக்கு உகாண்டா போகிற குழு, தெரிந்த வேலையைத் தெரியாத ஊரில் செய்யப் போகிறது. தொழில் கைவசம் இருக்கும். பழகத் தெரிவதுதான் கடினம்.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பம்பைச் சரிசெய்பவர் நாம் அல்ல. அங்கே வட்டாரத்துக்கு ஓரிருவர் பயிற்சி பெற்ற பம்பு மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கிராமத்தில் தண்ணிக் கமிட்டி இருக்கும். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலித்து மெக்கானிக்குக்குக் கூலி தருவார்கள். வெளிநாட்டுக் குழு வந்து இலவசமாக மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த முறை பழுதானதும் ஊர் கமிட்டிக்குப் பணம் தராது. இன்னொரு குழுவுக்குக் காத்திருக்கும். மெக்கானிக்குக்கு வேலை போய்விடும், பம்பு துருப்பிடித்து நிற்கும். அவருக்குக் கையாளாக நிற்கிற குழுவுக்குத்தான் அந்த ஊரில் நண்பர்கள் கிடைப்பார்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. ஆன்லைன் விசாவுக்கே அதைக் கேட்பார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற இடங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும், பாஸ்போர்ட் அவசியம். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்று செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். சான்று இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். 60 வயதைத் தாண்டியவர்களும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த ஊசி போட வேண்டாம்.

அடுத்தது மலேரியா. பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் எழுதித் தருவார்கள். கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்னே தொடங்கி, அங்கிருக்கும் நாளெல்லாம் தினம் ஒன்று, ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம். தவறு நடப்பது இந்த 4 வாரத்தில்தான். ஈரோட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் வைரல் என்று இரண்டு நாள் கடத்துகிறார்கள். ஆப்பிரிக்காவின் ஃபால்சிபாரம் வகை மலேரியாவுக்கு அந்த இரண்டு நாளே உயிருக்கு ஆபத்து. காய்ச்சல் வந்த அன்றே போய், "உகாண்டா போய்ட்டு வந்தேனுங்க, ரத்தத்துல மலேரியா பாருங்க" என்று நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அழைக்கும் திருச்சபையே அங்குள்ள குடிவரவுத் துறையில் உரிய அனுமதி எடுத்துத் தர வேண்டும். அதற்கு மாதங்கள் பிடித்தாலும் காத்திருங்கள். டாலர் கொண்டுபோனால் புதிய தாள்களாக, 100 டாலராக வாங்குங்கள். பழைய வருடத் தாள்களையும் சின்னத் தாள்களையும் குறைந்த விலைக்கு எடுப்பார்கள், இல்லையென்றால் வாங்கவே மாட்டார்கள். கனமான ஸ்பேனர், கிளாம்ப் எதையும் பெட்டியில் அடைக்க வேண்டாம். யூ2 சாமான்கள் கம்பாலாவிலேயே கிடைக்கும். அங்கே வாங்கினால்தான் எந்தக் கடையில் என்ன விலை என்பது மெக்கானிக்குக்கும் கமிட்டிக்கும் தெரிந்திருக்கும்.

போய் இறங்கியதும் குழப்பும் முதல் விஷயம் நேரம். இந்தியாவைவிட இரண்டரை மணி பின்னால் என்பது எளிது. லுகாண்டா பேசும் கிராமத்தில் மணியையே சூரியன் எழுந்ததிலிருந்து எண்ணுவார்கள். காலை 7 மணிதான் அவர்களுக்கு முதலாம் மணி. ஆராதனை 'நான்காம் மணி' என்றால் காலை 10. நம் பாட்டன் காலத்து நாழிகைக் கணக்கும் விடியலிலிருந்துதான் ஓடியது. அதை நினைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. ஊழியக் கூட்டத்துக்கு நேரம் குறிக்கும்போது, "ஆங்கில மணியா, உங்க மணியா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மரியாதை விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரருக்கு அதிகம் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் 'ங்க' போடாமல் பேசமாட்டோம். அவர்கள் ஆணுக்கு 'செபோ', பெண்ணுக்கு 'ஞ்யாபோ' சேர்க்காமல் பேசமாட்டார்கள். வேலை செய்துகொண்டிருப்பவரைத் தாண்டிப் போகும்போது "ஜெபாலே கோ, செபோ" என்று சொல்ல வேண்டும். பாடுபடுகிறீர்கள், நல்லது என்கிற மாதிரி வாழ்த்து அது. நன்றிக்கு "வெபாலே". வயதில் மூத்த பெண்மணி மண்டியிட்டு வணக்கம் சொல்வது லுகாண்டா பேசும் புகண்டா பகுதியின் வழக்கம். பதறிப்போய் கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம். நின்று, குனிந்து, நிதானமாகப் பதில் வணக்கம் சொல்லுங்கள். நலம் விசாரிப்பது நீளும்; வீட்டார், பிள்ளைகள், இரவுத் தூக்கம் எல்லாம் கேட்டு முடிக்கும் முன் பம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அவசரக்காரர் என்று பெயர் வரும்.

சாப்பாடும் அந்நியம் இல்லை. மட்டோக்கே என்பது வாழையிலையில் சுற்றி வேகவைத்து மசித்த பச்சை வாழைக்காய். அதற்குத் தொட்டுக்கொள்ள நிலக்கடலைக் குழம்பு. போஷோ என்பது மக்காச்சோள மாவுக் களி. மேற்குப் பக்கம் போனால் காலோ கிடைக்கும்: ராகிக்களியேதான், சில வீடுகளில் மரவள்ளி மாவு கலந்திருக்கும். ராகி முதலில் பயிரானதே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில். அங்கிருந்துதான் நம் புன்செய்க்கு வந்தது. அதை அந்த வீட்டம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். "உங்க ஊர்லயும் இதுவா?" என்று கேட்டு இன்னொரு உருண்டை வைப்பார்கள். வைத்ததை மறுக்காதீர்கள். வெறுங்கையோடும் போகாதீர்கள்: ஒரு கிலோ சர்க்கரை, ஒரு கட்டை சோப்பு போதும்.

இந்தியர் என்பதற்கு அங்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1896இல் தொடங்கிய உகாண்டா ரயில் பாதை வேலைக்குச் சுமார் 32,000 இந்தியக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். அதன் பின்னே கடைக்காரர்கள் வந்தார்கள். 1972 ஆகஸ்டில் இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். பிறகு பலர் திரும்பி வந்தார்கள். இன்றும் 'முயிண்டி' (இந்தியர்) என்றால் கல்லாவில் உட்கார்ந்து ஆளை ஏவுகிறவர் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. நாமும் மரநிழலில் நின்று கைநீட்டி வேலை சொன்னால் அந்த நினைப்புதான் உறுதிப்படும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறத்தைச் சொல்லித் தமிழில் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும் பழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. தமிழ் அவர்களுக்குப் புரியாது, சிரிப்பு புரியும். தண்ணி யார் மொண்டு யார் குடிப்பது என்கிற ஊர்ப் பழக்கத்தையும் விமானம் ஏறும் முன்பே விட்டுவிட வேண்டும். பம்படியில் ஒரே குவளைதான்.

இனி பம்படிக்கு வருவோம். விடிந்ததும் மஞ்சள் நிற 20 லிட்டர் ஜெர்ரிகேன்கள் வரிசையில் நிற்கும். பிரிக்கும் முன் இரண்டு சோதனை. முதலாவது, நிமிஷத்துக்கு 40 முழு அடி அடித்து வாளியில் பிடியுங்கள். கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர், அடியின் நீளம் 125 மில்லிமீட்டர். அடிக்குச் சுமார் 400 மில்லி வீதம் 40 அடிக்குக் கணக்குப்படி 16 லிட்டருக்குக் கிட்டத்தில் வர வேண்டும். 10 லிட்டருக்குக் கீழே போனால் சிலிண்டருக்குள் தண்ணியை ஒழுகவிடாமல் தூக்கும் பக்கெட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இரண்டாவது, அரை மணி நேரம் பம்பைத் தொடாமல் விட்டு, எத்தனையாவது அடிக்குத் தண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். 5 அடிக்கு மேல் போனால் அடிவால்வு ஒழுகுகிறது, அல்லது குழாய் இணைப்பிலோ உடம்பிலோ ஓட்டை. கைப்பிடி காற்றில் ஆடுவதுபோல் லேசாக இறங்கினால் குழாய்க்குள் இறங்கும் கம்பியான ராடு கழன்றிருக்கும் அல்லது அதைக் கைப்பிடியோடு இணைக்கும் சங்கிலி அறுந்திருக்கும். இதை முதலில் மெக்கானிக்கே எண்ணட்டும், கமிட்டிப் பெண்களும் கூட எண்ணட்டும்.

மார்க் 2இல் வாஷர் மாற்ற வேண்டுமானால் முழுக் குழாயையும் மேலே எடுத்தாக வேண்டும். தலைமூடியைக் கழற்றி, சங்கிலியைக் கைப்பிடியிலிருந்து விடுவித்து, அச்சைத் தட்டி எடுத்துக் கைப்பிடியை வெளியே கொண்டுவர வேண்டும். ராடை வைஸில் பிடித்துக்கொண்டு தலையைக் கழற்ற வேண்டும். அதன்பின் தொட்டி. பிறகு பீடத்தின் மேல் தானாக இறுகும் கிளாம்ப், மூன்று பேர் கையில் லிஃப்டிங் ஸ்பேனர், 3 மீட்டர் நீளக் குழாயாக ஒவ்வொன்றாகத் தூக்கல். 30 மீட்டர் ஆழத்துக்குக் குழாய், ராடு, உள்ளே நிற்கும் தண்ணி எல்லாம் சேர்ந்து சுமார் 150 கிலோ. மூன்று பேரும் ஒரே குரலுக்கு மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டும். அந்தக் குரல் மெக்கானிக்குடையதாக, லுகாண்டாவில் இருக்கட்டும். ஒருவர் தமிழிலும் ஒருவர் ஆங்கிலத்திலும் கத்தினால் ஒரு பக்கம் முந்தும், குழாய் சாயும், கிளாம்ப் விடும். குழாயில் கிரீஸ் பட்டிருந்தாலும், கிளாம்பின் பல் தேய்ந்திருந்தாலும் இதேதான் நடக்கும். 150 கிலோ கிணற்றுக்குள் போய்விட்டால் தூண்டில் கருவி கொண்டுவந்து எடுப்பதற்குள் ஊர் குளத்துத் தண்ணி குடிக்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு குழாயையும் பிடிக்கும் முன் துணியால் அழுத்தித் துடைப்பதற்கென்றே ஒரு ஆளை நிறுத்துங்கள். குழுவில் புதியவருக்கு அதுவே முதல் வேலை.

மேலே வந்த குழாய் செம்மண் நிறத்தில் உரிந்து, இணைப்பு மரை கரைந்து இருந்தால் வாஷரை மட்டும் மாற்றிவிட்டு இறக்காதீர்கள். தண்ணியின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 6.5க்குக் கீழே இருக்கும் இடங்களில் கால்வனைஸ்டு குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், சில வருடத்தில் அரித்துவிடும். காலையில் முதல் குடம் சிவப்பாக வரும், துணி கறைபடும், வாய் இரும்பு மணக்கும். ருசி பிடிக்காமல் ஊர் அந்தப் பம்பைக் கைவிட்டுக் குளத்துக்குப் போய்விடும். இந்த அரிப்புக்காகவே உகாண்டா அரசு அடிபம்புகளுக்குக் கால்வனைஸ்டு குழாய் இறக்குவதை 2016இல் நிறுத்தச் சொன்னது. மாற்றினால் குழாயைத் துருப்பிடிக்காத எஃகுக்கோ பம்புக்கென்றே வரும் பிவிசிக்கோ, ராடைத் துருப்பிடிக்காத எஃகுக்கு, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். காசு மிச்சம் பிடிக்கத் துருப்பிடிக்காத எஃகு ராடை கால்வனைஸ்டு குழாய்க்குள் போட்டால் இரண்டு வேறு உலோகம் தண்ணியில் சேர்ந்து நிற்பதாலேயே குழாய் இன்னும் வேகமாக அரிக்கும். இதற்கான செலவு பெரியது. எவ்வளவு சபை தரும், எவ்வளவு ஊர் தரும் என்பதைக் கமிட்டிக் கூட்டத்தில் பேசித் தீர்த்த பிறகே கம்பாலாவுக்கு ஆள் அனுப்புங்கள்.

சேர்ந்து குழாய் தூக்கினவர்கள் சீக்கிரம் நெருங்கிவிடுவார்கள். நெருங்கினதும் கேள்விகள் வரும்: பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டுக்குத் தகரம், ஆஸ்பத்திரிச் செலவு. கேட்பது தப்பில்லை, அங்கே நண்பரிடம்தான் கேட்பார்கள், நம் ஊரிலும் அப்படித்தான். தப்பு நம் பக்கம்: கண்கலங்கி நின்று "பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். நமக்கு அது ஆறுதல் வார்த்தை, கேட்டவருக்கு வாக்கு. அவர் அடுத்த பருவக் கட்டணத்துக்கு அதை நம்பிக் காத்திருப்பார். முடியாது என்றால் அங்கேயே அன்போடு சொல்லிவிடுங்கள். முடியும் என்றால் அந்த ஊர்ச் சபையின் ஆயர் வழியாக, தொகையும் மாதமும் குறித்துச் செய்யுங்கள். பிள்ளைகளைப் படம் பிடித்து, ஊரில் சபைக் கூட்டத்தில் திரை போட்டுக் காட்டுவதையும் நிறுத்த வேண்டும். பெற்றோரைக் கேட்காமல் நம் பிள்ளையை யாரும் எடுத்தால் சும்மா விடுவோமா?

கடைசி நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் கமிட்டிப் பொருளாளர் கையில் இருக்க வேண்டும். ஆழம், எத்தனை குழாய், எந்தத் தேதியில் என்ன மாற்றினது, 40 அடிக்கு எத்தனை லிட்டர், சங்கிலிக்குக் கிரீஸ் வைக்க வேண்டிய நாள் (மாதம் ஒரு முறை), மெக்கானிக்கின் கூலி, எல்லாம் லுகாண்டாவில். உபரி பக்கெட் வாஷரும் ஓ-ரிங்கும் அதே பையில்.

ஊர் திரும்பிய பிறகு மாதம் ஒரு முறை மெக்கானிக்குக்குப் போன் செய்யுங்கள். நமக்கு இரவு 10 மணி என்றால் அவருக்கு ஏழரை, வேலை முடிந்து கைகால் கழுவி உட்கார்ந்திருப்பார். முதலில் வீட்டார் சுகம், பிள்ளைகள் சுகம், மழை பெய்ததா, மட்டோக்கே என்ன விலை. அதெல்லாம் ஆன பிறகு கேட்கலாம்: அரை மணி விட்டு அடித்தால் இப்போது எத்தனையாவது அடிக்குத் தண்ணி வருது?