மச்சாரவியாயாவில் ஏற்றிய இரண்டு மெழுகுவர்த்திகள்

ஸ்பெயினின் மாலகா நகரிலிருந்து கிழக்கே சென்று, கடற்கரையை விட்டு உள்ளே திரும்பினால், ஆலிவும் வாதுமையும் நிற்கும் குன்றுகளுக்கு நடுவே மச்சாரவியாயா வந்துவிடுகிறது. சில நூறு பேர் வாழும் வெள்ளைச் சுவர் கிராமம். ஆனால் அதன் பங்குக் கோயிலோ ஒரு நகரத்துக்கே போதும். அண்ணாந்து பார்த்தபடி சிலுவை அடையாளம் வரைந்துகொண்டேன்.

புனித ஹயசிந்துவின் கோயில் இது. கீவ் நகரம் பகைவரிடம் வீழ்ந்தபோது, ஒரு கையில் நற்கருணையையும் மறு கையில் தேவமாதாவின் கனத்த சுரூபத்தையும் ஏந்தி வெளியேறியவர் அவர். அந்தக் கல் சுரூபம் அவர் கையில் லேசாகிவிட்டது என்பது மரபு. எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடித்த புனிதர்.

இந்த ஊரில் 1720-இல் பிறந்த ஹோசே தெ கால்வெஸ், வசதியற்ற வீட்டுப் பிள்ளை. மாலகா ஆயர் அவனுடைய அறிவைக் கண்டு குருமடத்தில் படிக்க வைத்தார் என்கிறார்கள். அவன் குருவாகவில்லை. 1776-இல் ஸ்பெயினின் அமெரிக்க நாடுகள் அனைத்துக்கும் பொறுப்பான அமைச்சரானார். அண்ணன் மத்தியாஸும், அவர் மகன் பெர்னார்தோவும் அடுத்தடுத்து மெக்சிகோவில் அரசப் பிரதிநிதிகள் ஆனார்கள். அந்தச் செல்வாக்கு இந்தக் குன்றுக்கும் வந்தது: பள்ளிக்கூடம், அமெரிக்காவுக்குச் சீட்டுக்கட்டு அனுப்பும் ஆலை, 1785-இல் புதிதாக எழுந்த இந்தக் கோயில். ஊரை அப்போது 'குட்டி மாட்ரிட்' என்றார்களாம்.

உள்ளே ஒரே நீண்ட கூடம், பக்கங்களில் பளிங்குப் பீடங்கள். ஒரு பீடத்தின் விளிம்பில் கை வைத்தேன். வெளியே வெயில் கொளுத்த, கல் கிணற்று நீர்போல் குளிர்ந்திருந்தது. அதைவிட என்னை நிறுத்தியது கீழே உள்ள கல்லறை அறைதான். குடும்பம் முழுவதும் ஒன்றாக உறங்குவதற்கென்று கட்டியது. 1787-இல் இறந்த ஹோசேயின் உடல் பிறகு இங்கே வந்து சேர்ந்தது. மத்தியாஸும், நாற்பதே வயதில் இறந்த பெர்னார்தோவும் வரவில்லை. கடலுக்கு அப்பால், மெக்சிகோ நகரின் சான் பெர்னாந்தோ கோயிலில் இருக்கிறார்கள். தகப்பனும் மகனும் திரும்பி வராத வீட்டில் நிற்பதுபோல் நெஞ்சு கனத்தது. அருள் நிறை மரியே சொல்லத் தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டேன்.

வேறொன்றும் நினைவுக்கு வந்தது. 1767-இல் மெக்சிகோவின் சுரங்க ஊர்களில் மக்கள் கலகம் செய்தபோது, பலரைத் தூக்கிலிட ஆணையிட்டவரும் இதே ஹோசேதான். இந்தப் பளிங்கைத் தொட்டு வியந்த கையால் அதை மூடி மறைக்க எனக்கு மனம் வரவில்லை. கோயில் அழகுதான், கட்டியவருடைய பக்தியும் பொய்யில்லை என்றே நம்புகிறேன்.

மேலே ஏறிவந்து புனிதரின் முன் இரண்டு மெழுகுவர்த்திகள் ஏற்றினேன். ஒன்று ஹோசேயின் ஆன்மாவுக்கு. மற்றொன்று அந்தச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு. சாவி வைத்திருந்த மூதாட்டி கதவருகே காத்திருந்தார். இரண்டாவது திரி நன்றாகப் பற்றும்வரை அவர் அவசரப்படுத்தவில்லை.