வீட்டிலிருந்து வேலை செய்பவளின் பத்தாவது ஆண்டு

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் கணினித் துறைக்குள் நுழைவார்களா என்று கேட்ட காலம் முடிந்துவிட்டது. பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் உள்ள கல்லூரிகளில் படிக்கும் பெண்பிள்ளைகள் இறுதியாண்டு முடியும் முன்பே கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை வாங்கிக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறிவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவியருக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது, அந்தப் பயணத்துக்கு இன்னும் ஒரு துணை. நுழைந்தவர்கள் பத்து ஆண்டுகள் கழித்து எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

முன்பெல்லாம் இதற்கு விடை எளிது. திருமணமோ முதல் குழந்தையோ வந்ததும் வேலையை விட்டுவிடுவார்கள். 2020-இல் பெருந்தொற்று வந்து லேப்டாப்புகள் வீடுகளுக்கு வந்து சேர்ந்த பிறகு, அப்படி விட வேண்டிய கட்டாயம் பலருக்குக் குறைந்தது. பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடி அறையில் இருந்தபடியே நான் ஒரு குழுவை நடத்துகிறேன் என்பதால், இதன் பயனை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் என்னோடு ஊர் திரும்பிய தோழியர் பலர் வேலையில் நீடிக்கிறார்களே தவிர, வந்த நாளில் இருந்த பொறுப்பிலேயே இருக்கிறார்கள். அது ஏன் என்று எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் இருந்துகொண்டே கூலிக்கு வேலை செய்வது எங்கள் சீமைப் பெண்களுக்குப் புதிதன்று. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்கிய கூலியில்தான் எத்தனையோ பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்து முடித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பீடி சுற்றத் தெரியுமா என்று கேட்டதை எங்கள் ஆச்சி தலைமுறையினர் இயல்பாகச் சொல்வார்கள். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. வீட்டார்தான் அதைச் சமையலுக்கு இடையில் நடக்கும் கைவேலையாக எண்ணினார்கள். உலை கொதித்தால் எழுந்து போகலாம், பிள்ளை அழுதால் தூக்கிக்கொள்ளலாம் என்பதே அந்த வேலையின் சிறப்பாகப் பேசப்பட்டது. எத்தனை ஆண்டுகள் பழகிய கையானாலும் ஆயிரத்துக்கு அதே கூலிதான். இப்போது மாப்பிள்ளை வீட்டார் "ஒர்க் ஃப்ரம் ஹோம் உண்டா?" என்று விசாரிக்கும்போது, பணமும் வர வேண்டும், ஆளும் வீட்டில் இருக்க வேண்டும் என்ற அந்தப் பழைய கணக்குதான் எனக்குக் கேட்கிறது. "வீட்லதான இருக்கா, கேஸ்காரன் வந்தா அவ பாத்துக்கிடுவா" என்று சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். கதவைத் திறக்கப் போகும் அந்த ஐந்து நிமிடத்தில் அவள் கையில் இருந்த வேலை என்ன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அமெரிக்க வாடிக்கையாளரோடு, அங்கே கிழக்குக் கரையில் காலை 9.30 மணிக்குத் தொடங்கும் கூட்டம், அவர்களுடைய கோடைக்கால நேரப்படி நமக்கு இரவு 7 மணி. குளிர்காலத்தில் 8 மணி. தோசை ஊற்றுவதும், பிள்ளைகளின் வீட்டுப்பாடமும், மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான் வரும். ஒரு புராஜெக்டில் எதை எப்படிக் கட்டுவது, எதைத் தள்ளிப்போடுவது, யாரை நம்பி எதைக் கொடுப்பது என்ற முடிவுகள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் எடுக்கப்படுகின்றன. அதில் தொடர்ந்து உட்கார முடியாதவள், பகலிலேயே முடித்துவிடக்கூடிய, மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங்கையும் அறிக்கை எழுதுவதையும் தானாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். யாரும் அவளை இறக்கவில்லை; சம்பளமும் குறையவில்லை. அவளோடு ஒரே நாளில் சேர்ந்த ஆண், சில ஆண்டுகளில் வாடிக்கையாளருக்கு நன்கு அறிமுகமாகி, மென்பொருளின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஆர்க்கிடெக்ட் ஆகிவிடுகிறார். வேலையை மதிப்பிடும் அப்ரைசலில் அவளுக்கு "நன்றாகச் செய்கிறார், பொறுப்பெடுத்து முன்னால் வருவதில்லை" என்று ஒரு வரி எழுதப்படுகிறது. அந்த வரியை எழுதுபவருக்கு இரவு 7 மணியின் கதை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சட்டமும் இந்த இடத்தில் முழுதாக எட்டவில்லை. பேறுகாலப் பயன் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் சொன்னது. நிறுவனம் பெங்களூரில் இருக்க, குழந்தையும் தாயும் மேலப்பாளையத்தில் இருந்தால் அந்தக் காப்பகத்தால் அவளுக்கு என்ன பயன்? காப்பகச் செலவை ஊரிலேயே தரும் ஏற்பாட்டை நிறுவனங்கள் செய்யலாம். கேட்பவர்கள் கூடினால் செய்வார்கள்.

ஊருக்கு அருகில் அலுவலகம் இருப்பது இதைவிட நல்லது என்பது என் எண்ணம். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. திருமணத்தாலோ பிள்ளைப்பேற்றாலோ வேலையை விட்ட பெண்கள் திரும்பி வருவதற்கென்றே 'மறுபடி' என்ற பயிற்சியையும் அந்நிறுவனம் தொடங்கியது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கங்கைகொண்டானில் அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்பும் பெண்ணை அந்த நேரத்தில் வேலைக்குப் போனவள் என்றே வீடு ஏற்றுக்கொள்கிறது, கேஸ்காரனுக்கு வேறு யாரேனும் கதவு திறக்கிறார்கள்.

வீட்டிலிருந்தே செய்வதானால் வீடும் மாற வேண்டும். என் வீட்டில் இரவு 7 மணி முதல் 9 மணி வரை அடுக்களை என் கணவருடையது. அந்த நேரத்தில் யாராவது வந்தால் என் அத்தை, "அவ மீட்டிங்ல இருக்கா, நீங்க இருங்க, நான் வாரேன்" என்று தாமே எழுந்து போவார்கள். இந்த ஏற்பாடு தானாக வந்ததில்லை. எந்தக் கூட்டத்தில் என்ன பேசுகிறோம் என்று அத்தைக்கு நான் பொறுமையாக விளக்கியிருக்கிறேன், அவர்களும் அக்கறையோடு கேட்டார்கள். என் குழுவில் முடிவெடுக்கும் கூட்டங்களை இயன்றவரை மாலை 5.30 மணிக்கு முன்நகர்த்தினோம். காலை 8 மணிக்கு வந்து உட்காருவதில் அமெரிக்கப் பக்கத்தில் இருவருக்கு மறுப்பே இல்லை. குளிர்காலத்தில் மட்டும் அது நமக்கு 6.30 ஆகிவிடும்.

வேலையை விட்டவர்களும், விடலாமா என்று யோசிப்பவர்களும், இருந்த இடத்திலேயே நிற்பவர்களுமாகச் சிலர் சனிக்கிழமை காலைகளில் என் வீட்டில் கூடுகிறோம். பெரும்பாலோர் தாங்கள் செய்ததை எழுதும்போது "குழு செய்தது" என்றே எழுதுகிறார்கள். எந்த முடிவை யார் எடுத்தார் என்று கேட்டால் அவர்களே எடுத்ததாக இருக்கிறது. அதனால் வரும் வாரம் அப்ரைசலுக்கான சுயமதிப்பீட்டை எழுதிப் பழகப்போகிறோம். வருபவர்கள் கடந்த இரண்டு ஆண்டுகளில் எழுதிக் கொடுத்ததைக் கையோடு எடுத்து வாருங்கள். குழந்தைகளையும் அழைத்து வரலாம், அத்தை பார்த்துக்கொள்வார்கள்.