தோற்ற அணிக்குக் கட்டுரை இருக்கிறது

"இறுதிப்போட்டியில் தோற்ற அணிக்குக் கட்டுரை இருக்கிறது. ஜெயித்த அணிக்கு ஏன் இருக்கக் கூடாது?"

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு மின்விளையாட்டு (கணினி விளையாட்டுப் போட்டிகளில் ஆடும்) அணியின் கட்டுரையை நீக்கப் பரிந்துரைத்தபோது வந்த கேள்வி இது. வேறொரு கட்டுரை இருப்பது இதை வைத்திருக்கக் காரணமாகாது என்று வழக்கமான பதிலை எழுதினேன். விதிப்படி அது சரி. கேட்டவருக்கு அது பதிலே இல்லை என்பது இப்போதும் உறுத்துகிறது.

கோப்பையோ பரிசுத்தொகையோ பார்வையாளர் கூட்டமோ ஓர் அணியின் குறிப்பிடத்தக்கமையை, அதாவது தனிக் கட்டுரைக்கான தகுதியை, நிறுவாது. அணியோடு தொடர்பில்லாதவர்கள், நம்பகமான இதழ்களில், அணியைப் பற்றியே விரிவாக எழுதியிருக்க வேண்டும். அந்தக் கட்டுரையில் 12 மேற்கோள்கள் இருந்தன. 4 போட்டி முடிவுப் பட்டியல்கள், 3 அணியின் சொந்தத் தளம், 2 லிக்விபீடியா என்ற மின்விளையாட்டு விக்கி. லிக்விபீடியாவில் தகவல் பெரும்பாலும் துல்லியமாகவே இருக்கும். ஆனால் யாரும் தொகுக்கக்கூடிய தளம் என்பதால் மேற்கோளாகச் செல்லாது. மிச்சம் இரண்டு வீரர் மாற்றச் செய்திகள், ஒரு பயிற்சியாளர் நேர்காணல்.

வீரர் மாற்றச் செய்திகளைத்தான் பலரும் எண்ணிக்கையில் சேர்த்துவிடுகிறார்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். முதல் பத்தியில் யார் வந்தார், யார் போனார். அடுத்த இரண்டில் அணி வெளியிட்ட அறிக்கையின் வாசகம் அப்படியே. நான்காவதில் வந்தவரின் பழைய அணிகள், ஐந்தாவதில் அடுத்த ஆட்டத்தின் தேதி. செய்தியாளர் தாமாக எடைபோட்டு எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. இதை வைத்து எழுதினால் கட்டுரை வெறும் வீரர் பட்டியலாகிவிடும். அடுத்த மாற்றத்தோடு அதுவும் பழசாகிவிடும்.

நேர்காணல் விஷயத்தில் எனக்கு அத்தனை உறுதியில்லை. பயிற்சியாளர் தம் அணியைப் பற்றித் தாமே சொல்வதைச் சுயேச்சையான மூலமாகக் கொள்ள முடியாது. ஆனால் கேள்விகளுக்கு முன்னால் மூன்று பத்தி முன்னுரை இருந்தது. தற்காப்பாக ஆடிக்கொண்டிருந்த அணி எப்படித் தாக்கி ஆடத் தொடங்கியது என்று செய்தியாளரே அலசியிருந்தார். அதை எண்ணியிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. எண்ணியிருந்தாலும் அப்படி ஒன்றுதான் தேறும். வழக்கத்தில் இரண்டு மூன்றாவது கேட்பார்கள்.

எந்த அளவுகோலால் அளப்பது என்பதிலும் தகராறு உண்டு. மின்விளையாட்டு அணி விளையாட்டு அணியும்தான், முதலீட்டாளர்கள் உள்ள நிறுவனமும்தான். விளையாட்டு அணி என்றால் பொது அளவுகோல் போதும். நிறுவனம் என்றால் ஒவ்வொரு மூலமும் தனித்தனியாக எல்லாச் சோதனைகளிலும் தேற வேண்டும். ஆளெடுப்பு, ஒப்பந்தம், முதலீட்டு அறிவிப்பு எல்லாம் அன்றாடச் செய்தியாகத் தள்ளப்படும். பரிந்துரையில் நான் கடுமையானதைத்தான் காட்டினேன். பொது அளவுகோலில் அளந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று நம்புகிறேன்.

பரிந்துரைக்கும் முன் தேடிப் பார்ப்பது பரிந்துரைப்பவரின் பொறுப்பு. இந்தத் துறையில் தேடல் தவறுவது சுலபம். அணிப்பெயர் சாதாரணச் சொல்லாக இருந்தால் விளையாட்டின் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். விளம்பரதாரர் மாறினால் அணிப்பெயரும் மாறும். பழைய பெயர், மூன்றெழுத்துச் சுருக்கம், வீரர்களின் விளையாட்டுப் பெயர் ஒவ்வொன்றிலும் தேட வேண்டும். கொரிய, சீன அணி என்றால் அந்தந்த எழுத்திலேயே தேடாவிட்டால் எதுவும் அகப்படாது. செத்த இணைப்புகளை இணைய ஆவணகத்தில் பார்க்க வேண்டும். பழைய பெயரில் நான் தேடியது அந்தக் கேள்வி வந்த பிறகுதான். புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வரிசை தவறுதான்.

இன்னொன்று அதைவிடக் கனமானது. விளையாட்டு ஊடகமான ஈஎஸ்பிஎன் 2016 ஜனவரியில் தொடங்கிய மின்விளையாட்டுப் பிரிவை 2020 நவம்பரில் மூடியது. வாஷிங்டன் போஸ்ட் 2019-இல் தொடங்கிய லாஞ்சர் என்ற கணினி விளையாட்டுப் பிரிவு 2023-இல் நின்றது. ஓஜி அணி டோட்டா 2 என்ற கணினி விளையாட்டின் உலகப் போட்டியான தி இன்டர்நேஷனலை 2018, 2019 என அடுத்தடுத்து வென்றபோது அதை எழுத ஆட்கள் இருந்தார்கள். அந்த அணிக்குக் கட்டுரை எழுதுவதில் சிரமமே இல்லை. எழுதும் இதழ்கள் மூடிய பிறகு ஜெயிக்கும் அணியின் நிலை வேறு. மூலம் இல்லை என்று நாம் சொல்லும்போது அணியை அளக்கிறோமா, அந்த ஆண்டின் பத்திரிகைத் துறையை அளக்கிறோமா? தோற்ற அணிக்கு மூலங்கள் இருந்தன. அது பழைய அணி, இதழ்கள் இருந்த காலத்தில் வளர்ந்தது.

அதற்காக மூலமில்லாமல் எழுதவும் முடியாது. அணியின் தளம் சொல்வதை வைத்து எழுதினால் அது விளம்பரம். ரசிகரின் நினைவை வைத்து எழுதினால் சரிபார்க்க வழியில்லை.

நீக்கலைப் பற்றிய ஏழு நாள் உரையாடல் மேலும் ஏழு நாள் நீட்டிக்கப்பட்டு, போட்டியின் கட்டுரைக்கு வழிமாற்று என்று முடிந்தது; அணியின் பக்கத்தைத் திறப்பவர் இனி போட்டியின் கட்டுரைக்குப் போவார். பழைய உரை பக்க வரலாற்றில் அப்படியே இருக்கிறது. இரண்டு நல்ல மூலங்கள் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் மீட்டெழுதலாம். வழிமாற்றுக்குப் பின் ஒரு வேலை மிச்சமிருந்தது: போட்டியின் கட்டுரையில் அணியின் பெயரைச் சொடுக்கினால் வந்த பக்கத்துக்கே திரும்பும் இணைப்புகளை எடுத்துவிட வேண்டும். எடுத்தேன். இறுதிப்போட்டி வரிசையில் இப்போது தோற்ற அணியின் பெயர் இணைப்பாக நீலத்தில், ஜெயித்த அணியின் பெயர் வெறும் கறுப்பில் இருக்கிறது.